ஒரு குழந்தையை இழந்த பிறகு அடுத்த கர்ப்பம்: எந்த வாரத்தில் எந்தப் பரிசோதனை, எதற்காக

ஒரு குழந்தையைப் பறிகொடுத்த பிறகு மறுபடி நாள் தள்ளிப்போனால், கிட்டில் இரண்டு கோடு தெரிந்த நிமிடமே சந்தோஷத்துக்கு முன்னால் பயம் வந்து நிற்கும். வீட்டில் எல்லோரும் "பழசை நினைக்காதே" என்பார்கள். மருத்துவருக்குத் தேவைப்படுவது இதற்கு நேர் எதிரானது. பழசு எந்த வாரத்தில், எப்படி, எதனால் நடந்தது என்பது தெரிந்தால்தான் இந்த முறை எதை எப்போது பார்ப்பது என்று முடிவு செய்ய முடியும். தினமும் ஸ்கேன் எடுத்தாலும் பயம் போகாது. இந்த வாரம் எந்தக் கேள்விக்குப் பதில் தேடி வந்திருக்கிறோம் என்று தெரிந்து போகிற செக்கப்தான் மனதுக்குப் பிடிமானம் தரும்.

உங்கள் கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி "ஹை ரிஸ்க்" என்று எழுதுவார்கள். மறுபடியும் இழப்பு வரும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. உங்களை அடிக்கடி பார்க்க வேண்டும், பெரிய மருத்துவமனையில் பிரசவம் பார்க்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் குறிப்பு அது.

முதலில் பழைய காகிதங்கள்

முடிந்தால் கருத்தரிப்பதற்கு முன்பே, இல்லாவிட்டால் முதல் செக்கப்புக்கு முன்பாவது இவற்றைத் திரட்டுங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, அந்தக் கர்ப்பத்தின் எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், நஞ்சையோ (நஞ்சுக்கொடி) கருவின் திசுவையோ பயாப்சிக்கு அனுப்பியிருந்தால் அதன் முடிவு, குரோமோசோம் பரிசோதனை, கணவன் மனைவி இருவரின் ரத்த வகை. காகிதம் தொலைந்திருந்தால், உள்நோயாளி எண்ணைச் சொல்லி மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவில் நகல் கேட்கலாம்.

இவற்றுக்கு மேல் ஒரே பக்கத்தில் உங்கள் கையால் எழுதி வையுங்கள். எத்தனையாவது வாரம், முதலில் தெரிந்த அறிகுறி எது (ரத்தமா, பனிக்குடம் உடைந்ததா, வலியா, அசைவு நின்றதா), குழந்தையின் எடை எவ்வளவு, பிரஷர், சர்க்கரை, காய்ச்சல் ஏதாவது இருந்ததா. சாதாரணமாகத் தெரியும் இந்த ஒரு பக்கம்தான் சிகிச்சையின் திசையை மாற்றும். 9 வாரத்தில் துடிப்பு நின்றிருந்தால் முதலில் எண்ண வேண்டியது குரோமோசோம் கோளாறு. முதல் மூன்று மாதக் கருச்சிதைவில் ஏறக்குறைய பாதிக்கு அதுதான் காரணம், அம்மா எதைச் சாப்பிட்டார், எதைத் தூக்கினார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 20 வாரத்தில் பெரிய வலியில்லாமல் கர்ப்பப்பை வாய் திறந்து குழந்தை வெளியே வந்திருந்தால் அந்த வாயின் பலவீனம். 32 வாரத்தில் எடை குறைந்த குழந்தை, கூடவே பிரஷர் என்றால் நஞ்சு சரியாக வேலை செய்யவில்லை. 37 வாரத்தில் எடை மிகுந்த குழந்தை என்றால் கவனிக்காமல் போன சர்க்கரை. நான்கும் நான்கு விதமான செக்கப் அட்டவணையைக் கேட்கின்றன.

கார்டின் முதல் வரியில் ஜி, பி, எல், ஏ என்று நான்கு எழுத்து இருக்கும். ஜி எத்தனையாவது கர்ப்பம், பி எத்தனை பிரசவம், எல் உயிரோடு இருக்கும் குழந்தைகள், ஏ கலைந்தவை. "ஜி2 பி1 எல்0" என்று இருந்தால் படிக்கத் தெரிந்த எவருக்கும் நடந்தது புரியும். ஆனால் அவசரத்தில் அதைப் பார்க்காமல் "மூத்த குழந்தைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஃபைலின் மேலட்டையில் பெரிய எழுத்தில் "முந்தைய குழந்தை 34 வாரத்தில் இறப்பு" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு கவுண்டரிலும் வாய் திறந்து சொல்ல வேண்டிய பாரம் குறையும். ஏ என்ற எழுத்தைப் பார்த்து மனம் நோக வேண்டாம். தானாகக் கலைந்ததையும் மருத்துவத்தில் அதே எழுத்தால்தான் குறிக்கிறார்கள்.

எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை, வேண்டாத பரிசோதனை

ரத்த அளவு, ரத்த வகை, தைராய்டு, சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் ஆகியவை எல்லோருக்கும் உண்டு. சிபிலிஸ் பரிசோதனையைச் சங்கடம் என்று தவிர்க்காதீர்கள். வயிற்றிலேயே குழந்தை இறக்க அது ஒரு காரணம், பென்சிலின் ஊசியில் குணமாகக்கூடியது.

திரும்பத் திரும்பக் கலைந்திருந்தாலோ, 10 வாரத்துக்குப் பிறகு காரணம் தெரியாமல் இழந்திருந்தாலோ ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை (ரத்தத்தை உறைய வைக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது) வேண்டும். அதில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்று மூன்று. ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடியும் வந்தால்தான் நோய் உறுதி. உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்க வயிற்றுத் தோலில் தினமும் போடும் ஹெப்பாரின் ஊசியும் தருவார்கள். இரண்டும் நன்றாகப் பலன் தரும் சிகிச்சை.

நம் ஊரில் கரு கலைந்தவுடன் "டார்ச் டெஸ்ட்" (சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை) எழுதித் தருவது வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்பக் கலைவதற்கான காரணத்தை அது காட்டாது. பழைய தொற்றின் எதிர்ப்பொருள் ஆரோக்கியமாக இருக்கும் பலரிடமும் பாசிட்டிவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவதில் பணமும் நிம்மதியும்தான் போகும்.

ரத்த வகை நெகட்டிவ் என்றால், குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் போன முறை போட்டார்களா என்று பாருங்கள். இந்த முறை அந்த எதிர்ப்பொருளைத் தேடும் இன்டைரக்ட் கூம்ப்ஸ் பரிசோதனை எடுத்து, அதன் முடிவு நெகட்டிவாக இருந்தால் 28 வாரத்தில் ஊசி போடுவார்கள். இடையில் ரத்தம் பட்டாலோ வயிற்றில் அடிபட்டாலோ 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

தைராய்டு மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் கர்ப்பம் உறுதியானவுடன் மருத்துவரைக் கேளுங்கள். அளவைக் கால் பங்கு போல உடனே கூட்ட வேண்டியிருக்கும், முதல் செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. காலை வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி இரும்புச் சத்து, அதையும் கால்சியத்தையும் சேர்க்காமல் வேறு வேளையில். மூன்றையும் ஒரே கை நீரில் விழுங்கினால் ஒன்றும் சரியாக உடம்பில் சேராது. மாத்திரை சாப்பிட்டும் பலன் தெரியாததற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

6 முதல் 10 வாரம்: அவசரப்பட்டு எடுக்கும் ஸ்கேன் தரும் பயம்

பயத்தில் 5 வாரத்திலேயே ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். அப்போது வெறும் பை மட்டும் தெரியும், "துடிப்பு வரவில்லை" என்று ரிப்போர்ட் வரும், அடுத்த பத்து நாள் தூக்கம் போகும். பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் துடிப்பு தெளிவாகத் தெரிய 6½ முதல் 7 வாரம் வரை ஆகும், வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளும். உள்வழி ஸ்கேனால் கரு கலையாது.

"வளர்ச்சி இல்லை, கழுவிவிடலாம்" என்று ஒரே ஸ்கேனை வைத்துச் சொன்னால் இரண்டு எண்ணைக் கேளுங்கள். உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது பையின் சராசரி அளவு 25 மி.மீ. ஆகியும் கருவே இல்லை. இந்த இரண்டுக்கும் கீழே இருந்தால் குறைந்தது ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு உங்கள் கணக்கில் 7 வாரம் என்பது கருவின் கணக்கில் 5½ ஆக இருக்கலாம். துடிப்பு தெரிந்துவிட்ட பிறகு பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்ப ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்து எடுப்பதில் அர்த்தமில்லை.

இந்த ஆரம்ப ஸ்கேன் இன்னொரு முக்கியமான வேலையும் செய்கிறது: பிரசவ தேதியைக் குறிக்கிறது. 14 வாரத்துக்குள் கருவின் நீளத்தை வைத்துச் சொன்ன தேதிதான் கடைசிவரை செல்லும். பின்னால் வரும் ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் இயந்திரம் ஒரு புதுத் தேதியை அச்சடிக்கும். அதைப் பார்த்துத் தேதியை மாற்றினால், வளராமல் இருக்கும் குழந்தை "சின்ன வாரக் குழந்தை" என்று கணக்கில் மறைந்துவிடும். முதல் தேதியைச் சிவப்பு மையில் கார்டில் எழுதுங்கள்.

ரத்தக் கறை பட்டால் உடனே காட்ட வேண்டும். முன்பு கலைந்திருந்து இந்த முறையும் ரத்தம் பட்டவர்களுக்கு, கரு உள்ளே இருப்பது ஸ்கேனில் உறுதியானால், புரோஜெஸ்டிரான் 400 மி.கி. இரண்டு வேளை பிறப்புறுப்பில் வைக்கத் தருவதுண்டு. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2019-ல் வந்தபின் அந்த நாட்டின் வழிகாட்டுதலிலும் இது சேர்ந்தது. 16 வாரம் வரை தொடர்வார்கள். கட்டிலிலேயே படுத்திருப்பது கருவைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரமில்லை. நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

11 முதல் 14 வாரம்: தவறவிடக் கூடாத வாசல்

டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைகளுக்கான என்.டி. ஸ்கேன் (கழுத்துப் பின்புறத்தை அளப்பது), டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை இரண்டும் இந்த வாரங்களில்தான். குழந்தையின் நீளம் 45 முதல் 84 மி.மீ.க்குள் இருக்கும்போதுதான் கழுத்துப் பின்புற அளவு செல்லும். 13 வாரம் 6 நாள் தாண்டிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே 12 வாரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். இந்த முடிவுகள் ஆபத்தின் வாய்ப்பை மட்டுமே சொல்லும். "250-ல் 1" என்றால் 250 பேரில் 249 பேருக்கு அந்தக் குறை இல்லை என்று பொருள்.

போன முறை பிரஷர் ஏறியோ, குழந்தை எடை குறைந்தோ, நஞ்சின் கோளாறாலோ இழந்தவர்களுக்கு இந்தச் செக்கப்பில் ஒரு கேள்வி கட்டாயம்: "எனக்கு ஆஸ்பிரின் தேவையா?" நஞ்சு கர்ப்பப்பையின் ரத்தக் குழாய்களுக்குள் வேர் பிடிக்கும் காலம் இது. 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். 2017-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இரவில் 150 மி.கி. கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் பிரசவம் பார்க்க வைக்கும் பிரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) பாதிக்கும் கீழாகக் குறைந்தது. கடையில் 75 மி.கி. மாத்திரையாகக் கிடைப்பதால் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டாக எழுதுவார்கள், 36 வாரத்தில் நிறுத்துவார்கள். இங்கே நடக்கும் தவறு ஒன்று உண்டு. மருந்துக் கடையிலோ வீட்டிலோ யாராவது "இது ஹார்ட் மாத்திரை ஆச்சே" என்பார்கள், பயந்து நிறுத்திவிடுவார்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், கேட்காமல் ஆரம்பிக்கவும் வேண்டாம்.

16 முதல் 24 வாரம்: கர்ப்பப்பை வாய், உறுப்பு ஸ்கேன்

நான்காம், ஐந்தாம் மாதத்தில் இழந்தவர்களுக்கு மிகக் கனமான நாட்கள் இவை. இங்கே பார்க்க வேண்டியது கர்ப்பப்பை வாயின் நீளம். 16 வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உள்வழி ஸ்கேனில், சிறுநீர் கழித்துவிட்டு வந்து எடுக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது அழுத்தி வாயை நீளமாகக் காட்டிவிடும், வயிற்றின் மேல் அளந்த நீளமும் நம்பத்தக்கதல்ல. 25 மி.மீ.க்குக் கீழே குறைந்தால் தையல் போடுவதைப் பற்றி மருத்துவர் பேசுவார். இதே முறையில் பல முறை இழந்தவர்களுக்கு அளவு குறையும்வரை காத்திருக்காமல் 12–14 வாரத்திலேயே போடுவதும் உண்டு. இந்தத் தையலை 1955-ல் உலகுக்குச் சொன்னவர் மும்பை மருத்துவர் வி.என். ஷிரோத்கர், அதன் ஒரு வகை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. தையல் போட்டவர்கள் 36–37 வாரத்தில் அதைப் பிரிக்கும் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வலியெடுத்த பிறகும் தையல் உள்ளே இருந்தால் வாய் கிழியும். அடிவயிறு கனத்தல், இடுப்பு விட்டுவிட்டு வலித்தல், நீர் போலவோ சளி போலவோ கசிவு வருதல் எதுவானாலும் அன்றே போய்க் காட்டுங்கள்.

உறுப்பு ஸ்கேனை 18–20 வாரத்தில் எடுத்துவிடுங்கள். குறை ஏதாவது தெரிந்தால் மறு ஆலோசனைக்கும் பனிக்குட நீர்ப் பரிசோதனைக்கும் நேரம் வேண்டும். 2021-ல் திருத்திய சட்டப்படி 24 வாரத்துக்கு மேல் கடுமையான குறைபாட்டுக்காகக் கர்ப்பத்தைக் கலைக்க மருத்துவக் குழுவின் அனுமதி தேவைப்படும். முந்தைய குழந்தைக்கு இதயக் குறை இருந்திருந்தால் தனியாக இதய ஸ்கேனும் எடுக்க வேண்டும். "நஞ்சு கீழே இருக்கிறது" என்று இந்த வாரத்தில் எழுதியிருந்தால் பதற வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு 32 வாரத்துக்குள் மேலேறிவிடும்.

ஸ்கேன் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவர் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்து, தலை, வயிறு, தொடை எலும்பு என்று பேசாமல் அளந்துகொண்டே போவார். முன்பு அதே மௌனத்தில் கெட்ட சேதி கேட்டவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் தாங்காது. படுத்தவுடனே சொல்லுங்கள்: "டாக்டர், எனக்குப் போன குழந்தை இல்லை. முதல்ல துடிப்பைச் சொல்லிடுங்க, அப்புறம் மத்ததை அளந்துக்கோங்க." 1994 சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத்தான். துடிப்பைக் காட்டவும் கேட்க வைக்கவும் எந்தத் தடையும் இல்லை.

சர்க்கரையும் பிரஷரும்

குளுக்கோஸ் 75 கிராமை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5–10 நிமிடத்துக்குள் குடித்து, 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வர வேண்டாத இந்த எளிய முறையைப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. முதல் செக்கப்பில் ஒரு முறை, 24–28 வாரத்தில் மறுபடி ஒரு முறை. குடித்து அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்தப் பரிசோதனை செல்லாது, மறுநாள் திரும்ப எடுக்க வேண்டும். சர்க்கரை உறுதியானால் வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழ் வைத்திருப்பது இலக்கு.

பிரஷரை வீட்டிலும் பாருங்கள். 5 நிமிடம் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கை இதய உயரத்தில் இருக்க வேண்டும். 140/90 வந்தால் அன்றே மருத்துவமனை. 160/110 வந்தாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி வந்தாலோ 108-ஐ அழையுங்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் தாங்க முடியாத அரிப்பு வந்தால் தோல் வறட்சி என்று எண்ணெய் தடவி விட்டுவிடாமல் பித்த அமிலப் பரிசோதனை கேளுங்கள். அது 100-ஐத் தாண்டினால் வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து கூடும் என்பதால், 36 வாரத்தை ஒட்டியே பிரசவம் பார்ப்பார்கள்.

28 வாரத்துக்கு மேல்: அசைவு, வளர்ச்சி, என்.எஸ்.டி.

இந்தக் கட்டத்தில் வீட்டில் இருக்கும் மிகச் சிறந்த கருவி உங்கள் கவனம். தினமும் ஒரே வேளையில், பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணுங்கள். உதை, புரளல், தட்டல் எல்லாம் கணக்கு, விக்கல் மட்டும் சேராது. 2 மணி நேரத்துக்குள் 10 வர வேண்டும். பலருக்கு அரை மணியிலேயே வந்துவிடும். எண்ணிக்கையை விட உங்கள் குழந்தையின் வழக்கம் மாறுகிறதா என்பதுதான் முக்கியம். "மாசம் ஏறினால் இடமில்லாமல் அசைவு குறையும்" என்பது தவறு. அசைவின் விதம் மாறலாம், அளவு குறையக் கூடாது. குறைந்ததாகத் தோன்றினால் இனிப்பு குடித்து, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே போங்கள், நள்ளிரவானாலும் சரி. நேற்றுப் போய் "நன்றாக இருக்கிறது" என்று அனுப்பியிருந்தாலும், இன்று மறுபடி குறைந்தால் மறுபடி போங்கள். இரண்டாவது முறை வருவதை எந்த நல்ல மருத்துவரும் தொந்தரவாக நினைக்க மாட்டார்.

வீட்டில் வைத்துத் துடிப்பு கேட்கும் சின்ன டாப்ளர் கருவியை வாங்க வேண்டாம். அம்மாவின் நாடியையும் நஞ்சின் ரத்த ஓட்டத்தையும் குழந்தையின் துடிப்பு என்று நம்பி, போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

தூங்கும்போது ஒருக்களித்துப் படுங்கள், எந்தப் பக்கம் என்றாலும் சரி. நடு இரவில் மல்லாந்து கிடப்பதாக விழித்தால் பயப்படாமல் திரும்பிப் படுத்தால் போதும்.

வளர்ச்சி ஸ்கேன் 28, 32, 36 வாரங்களில், தேவைப்பட்டால் இன்னும் நெருக்கமாக. இரண்டு வாரத்துக்குக் குறைந்த இடைவெளியில் எடையை அளந்தால் கிடைக்கும் வித்தியாசம் கருவியின் பிழையாகவே இருக்கலாம். ஒரு ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை மூன்று. எடை வளர்ச்சி வரைபடத்தின் எந்த சதவீதக் கோட்டில் இருக்கிறது, முந்தைய ஸ்கேனின் கோட்டிலிருந்து இறங்கியிருக்கிறதா, தொப்புள்கொடி டாப்ளரில் ரத்த ஓட்டம் எப்படி. இரண்டு துடிப்புக்கு இடையில் ஓட்டமே இல்லை என்றாலோ பின்னோக்கிப் போகிறது என்றாலோ அன்றே சேர்க்கை தேவை. பனிக்குட நீரின் அளவுக் குறியீடான ஏ.எஃப்.ஐ. 5-க்குக் கீழே என்றால் குறைவு. 9 வந்ததை 12-லிருந்து இறங்கிவிட்டதாக எண்ணிக் கலங்க வேண்டாம்.

குழந்தையின் துடிப்பைக் காகிதத்தில் பதிவு செய்து பார்க்கும் என்.எஸ்.டி. பொதுவாக 32 வாரத்திலிருந்து, அல்லது போன முறை இழந்த வாரத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்து வாரம் ஒரு முறையோ இரு முறையோ எடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு, சாய்ந்து உட்காருங்கள். அடிப்படைத் துடிப்பு 110–160, இருபது நிமிடத்தில் இரண்டு தடவையாவது 15 துடிப்பு ஏறி 15 விநாடி நிற்க வேண்டும். ஏறவில்லை என்றால் பெரும்பாலும் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். 40 நிமிடம் வரை நீட்டி, அப்போதும் சரியில்லை என்றால் ஸ்கேனில் மூச்சு அசைவு, கைகால் அசைவு, நீர் எல்லாம் பார்ப்பார்கள். நல்ல என்.எஸ்.டி. அந்த நேரத்து நிலையைச் சொல்கிறது, நாளை நஞ்சு பிரியுமா என்பதை அதனால் சொல்ல முடியாது. ஆகவே அசைவைக் கவனிப்பதை அதற்காக விட்டுவிடாதீர்கள்.

தாய்வீட்டுக்குப் போவது, பழைய வாரம் வருவது

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். மிக நெருக்கமாகக் கவனிக்க வேண்டிய 28–32 வாரத்தில் மருத்துவமனை மாறுவதும் அதே நேரத்தில்தான். போவதாக இருந்தால் 24 வாரத்துக்குள் அங்குள்ள மருத்துவரை ஒரு முறை பார்த்து, ஃபைலின் நகலைக் கொடுத்து, பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான், ஆனால் ஊர் மாறுவதைக் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால்தான் அந்த ஊர் செவிலியர் உங்களைத் தொடர்வார். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு நிலையங்களில் மருத்துவரே பார்க்கும் இலவசச் சிறப்பு முகாம் உண்டு. விழா மனதுக்குப் பாரமாக இருந்தால் வளைகாப்பைச் சின்னதாக வைக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

போன முறை இழந்த வாரம் நெருங்கும்போது காலண்டரில் முன்கூட்டியே ஒரு செக்கப் குறியுங்கள், அந்த வாரத்துக்கு முந்தைய வாரத்தில் ஒன்று, அந்த வாரத்திலேயே ஒன்று. அதே கட்டடம், அதே அறை என்றால் வேறு அறையில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குழந்தையோடு மனம் ஒட்டப் பயமாக இருக்கிறது என்றால் அதையும் பிரஷரைச் சொல்வது போலவே மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி மையமான டெலி மனாஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பிரசவ தேதி

32–34 வாரத்தில் மருத்துவரோடு உட்கார்ந்து எழுத்தில் திட்டம் போடுங்கள். காரணம் தெரியாமல் இழந்தவர்களுக்கு, இந்த முறை எல்லாம் சரியாக இருந்தால், 39 வாரம் பொதுவான இலக்கு. பயம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் 37–38 வாரத்தில் பார்ப்பதைப் பற்றிப் பேசலாம், ஆனால் அந்த இரண்டு வாரத்தில் நுரையீரலுக்குக் கிடைக்கும் முதிர்ச்சியையும் சேர்த்து எடை போட்டு. நல்ல நாள் பார்த்து 37-க்கு இழுக்க வேண்டாம். "ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது" என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான். 34 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகும் நிலை வந்தால் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்று உடன் இருப்பவர் கேட்க வேண்டும்.

பிரசவ அறைக்குள் போகும் முன் துணைக்கு வருபவரிடம் மூன்று வேலையை ஒப்படையுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் குழந்தையின் ரத்த வகையைக் கேட்டு, பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி போட வைப்பது. ஹெப்பாரின் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் 6 வாரம் தொடர வேண்டுமா என்று டிஸ்சார்ஜுக்கு முன் எழுதி வாங்குவது. குழந்தை எடை குறைந்து பிறந்தால், நஞ்சைத் தூக்கிப் போட்டுவிடாமல் பயாப்சிக்கு அனுப்பச் சொல்வது.